பந்த வெளிச்சத்தில் கண்டி: இரவை வரைந்தவர்களின் கதை

நம் பாடசாலையில் சித்திரம் ஒரு பாடமாகப் படித்த எவரைக் கேட்டாலும், பெரஹரா வரையாமல் ஒரு வருடமும் போகவில்லை என்றுதான் சொல்வார். பரீட்சைக்குக் கருப்பொருள் கொடுக்கும்போது சந்தை, பொங்கல், வெசாக், பெரஹரா என்ற நான்கில் ஒன்று நிச்சயம் வரும். கண்டிப் பிள்ளைகளான நாம் பெரஹராவையே எடுப்போம். கடதாசியின் மேற்பாதிக்குக் கருநீலம் அல்லது கறுப்பு. கீழே யானை, சாட்டையடிப்போர், நடனக்காரர், மேளக்காரர், கொடி பிடிப்போர் எல்லோரும் நடுப்பகல் வெளிச்சத்தில் நிற்பதுபோல, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளிச்சென்று இருப்பார்கள். பந்தம் பிடிப்பவர் ஓர் ஓரத்தில், கையில் ஒரு மஞ்சள் பொட்டுடன் நிற்பார். அந்தப் பந்தத்தின் வெளிச்சம் யார்மேலும் விழாது. வானம் மட்டும்தான் இரவு.

நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது எங்கள் வகுப்பினர் கூடிப் பேசிய விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்தப் படங்கள் பிள்ளைத்தனமானவையா, அல்லது அவற்றுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறதா? இருக்கிறது என்றே நாங்கள் நினைக்கிறோம். நெருப்பு வெளிச்சத்தில் மனிதர்களையும் மலைகளையும் தைல வர்ணத்தில் வரைவது உலகின் வேறு பக்கத்தில் 400 வருடங்களாகப் பழகிய கலை. அந்தக் கலை கண்டிக்கு வந்து சேர்ந்தபோது, இங்கே அதற்கு நேரெதிரான ஒரு பழக்கம் ஏற்கெனவே வேரூன்றி இருந்தது.

அந்தப் பழக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் கண்டியிலிருந்து சிறிது தூரத்தில், அம்பிட்டியைப் போலவே நாம் சுற்றுலா போகும் தூரத்தில், தெகல்தொருவை விகாரை இருக்கிறது. பாறையைக் குடைந்த குகைக் கோயில். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் (1747–1782) தொடங்கி அவருக்குப் பின் வந்த ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் நிறைவு பெற்றது. கீர்த்தி ஸ்ரீ நாயக்கர் வம்சத்து அரசர் என்பதும், தேவர்களுக்கான ஊர்வலமாக இருந்த பெரஹராவில் புனித தந்தத்துக்கு முதலிடம் கிடைத்தது அவர் காலத்தில் என்பதும் நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்தவை. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு, 1660 முதல் 1679 வரை இங்கே சிறைப்பட்டிருந்த ரொபேர்ட் நொக்ஸ் தன் நூலில் விவரித்தது பழைய ஊர்வலத்தைத்தான்.

தெகல்தொருவையின் கூரையில் மாரன் போர் வரையப்பட்டிருக்கிறது. பௌத்த கதையில் மாரன் போதிசத்துவர்மேல் எரிதணல் மழையை ஏவுகிறான், அது பூவாக மாறி விழுகிறது. பிறகு பேரிருளை ஏவுகிறான், அதுவும் சூரியனுக்கு முன் போல மறைகிறது. ஐரோப்பிய ஓவியர் ஒருவருக்கு இதைக் கொடுத்திருந்தால் தணலையும் இருளையும் விட்டு வேறெதையும் வரைந்திருக்க மாட்டார். கண்டி ஓவியரோ இருளைத் தொடவே இல்லை. சிவந்த பின்னணி, தெளிவான கோடு, ஒவ்வோர் உருவத்துக்கும் சமமான நிறம், இடையிடையே வெற்றிடம் தெரியாதபடி பூக்கள். எங்கும் நிழல் கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. (அந்தப் பூக்களைத் தணலாக இருந்து பூவானவை என்று பார்க்க எங்களுக்கு ஆசை. கண்டி ஓவியர்கள் எந்தக் கதைக்கும் பின்னணியில் பூப்போடுவார்கள் என்பதால் அந்த ஆசையை அதிகம் வளர்க்கக்கூடாது.)

இந்த மரபின் தொழில்நுட்பத்தை முதலில் ஆராய்ந்து எழுதியவர் நம்மவரான ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்து, கனிய வள ஆய்வுக்காக இந்த நாட்டின் கிராமங்களில் அலைந்தவர். கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டுகொண்டார். 1908இல் வெளிவந்த அவருடைய மத்தியகால சிங்களக் கலை பற்றிய பெருநூலில், கண்டிக் கைவினைஞரின் வர்ணங்களும் அவற்றைத் தயாரிக்கும் முறைகளும் பதிவாகியுள்ளன. வெண்களி, சாதிலிங்கம், மரப்பிசினிலிருந்து எடுத்த மஞ்சள், விளக்குப் புகைக்கரி. கறுப்பு நிறமே விளக்கிலிருந்துதான் வந்தது. அந்தக் கறுப்பைக் கோடு போடப் பயன்படுத்தினார்கள், இரவு போடப் பயன்படுத்தவில்லை.

ஆக நாம் பரீட்சைக் கடதாசியில் வரைந்த நிழலில்லாத பெரஹரா, தெரியாமலே தெகல்தொருவையின் பேத்தி. கதையில் வரும் எவரும் இருட்டில் விடப்படக் கூடாது என்பது அந்த மரபின் நியாயம்.

தைல வர்ணத்தின் நியாயம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ரோமாபுரிக்குப் போக வேண்டும். ஜேர்மனியில் பிறந்து ரோமில் வாழ்ந்த ஆடம் எல்ஸ்ஹைமர் 1609இல் ஒரு செப்புத் தகட்டில் ஒரு படம் வரைந்தார். 31க்கு 41 சென்ரிமீற்றர், நம் ஏ3 கடதாசியின் அளவு. குழந்தை இயேசுவைக் காப்பாற்ற மரியாளும் யோசேப்பும் இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடும் காட்சி. அதில் மூன்று வெளிச்சங்கள்: வானத்தில் முழுநிலவு, யோசேப்பின் கையில் ஒரு சிறு பந்தம், தூரத்தில் இடையர் மூட்டிய நெருப்பு. மேலே பால்வீதி. கடதாசியின் பெரும்பகுதி இருட்டு. அந்த இருட்டுத்தான் மூன்று வெளிச்சங்களையும் பேச வைக்கிறது. அவர் அடுத்த வருடமே 32 வயதில் இறந்துவிட்டார். ஆனால் அந்தச் சிறு படத்தின் வழி நீண்டது. 1647இல் ரெம்பிராண்ட் அதே ஓட்டத்தின் இடையில் அவர்கள் ஓய்வெடுக்கும் காட்சியை வரைந்தார். நீர்நிலையின் கரையில் ஒரு தீ, அதைச் சுற்றிச் சில சிறிய உருவங்கள், தீயின் பிம்பம் நீரில், பின்னால் மலையும் அதன்மேல் ஒரு கட்டிடமும். இப்போது டப்ளினில் உள்ள அந்தப் படத்தின் அச்சுப் பிரதியைப் பார்த்தபோது எங்களுக்கு உடனே நினைவுக்கு வந்தது கண்டி வாவியும் அதன் மேற்புற மலைகளும்தான்.

இதற்கு ஏன் தைல வர்ணம் வேண்டும்? நீர்வர்ணத்தில் கடதாசியின் வெள்ளைதான் வெளிச்சம். அதைப் பாதுகாத்துக்கொண்டே மற்ற இடங்களைக் கறுப்பாக்க வேண்டும். ஒருமுறை கறுத்த இடத்தைத் திரும்ப வெளிச்சமாக்குவது கடினம். தைல வர்ணத்தில் எதிர்ப்பக்கமாகப் போகலாம். முதலில் கன்வஸ் முழுவதையும் பேர்ன்ட் அம்பர் போன்ற கபில நிறத்தால் மூடிவிடுவார்கள். இருளை மெல்லிய படலங்களாக, எண்ணெய் கலந்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவார்கள். ஒளி அந்தப் படலங்களுக்குள் புகுந்து அமிழ்ந்துபோவதால் ஆழம் தெரியும். கடைசியில், வெளிச்சத்தை மட்டும் தடிப்பாக, வெள்ளையும் மஞ்சளும் குழைத்து, தூரிகைத் தடம் தெரிய வைப்பார்கள். இருள் மெலிவு, வெளிச்சம் தடிப்பு. இதுதான் அடிப்படை.

பொறுமையும் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து இறுகுகிறது. அம்பர் வகையில் மங்கனீசு இருப்பதால் விரைவாகக் காயும், ஐவரி பிளக் நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். எனவே கீழ்ப்படலத்துக்கு அம்பரும் குறைந்த எண்ணெயும், மேற்படலத்துக்கு அதிக எண்ணெயும் என்பது பழைய விதி. மாறிப்போனால் சில வருடங்களில் வெடிப்பு விடும். கண்டியின் ஈரக்காற்றில் கன்வஸின் பின்புறத்தில் பூஞ்சணம் பிடிப்பது தனிக்கதை.

இந்தியாவிலும் இந்த வித்தை இலகுவாகக் கைமாறவில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் மதுரை ராமசுவாமி நாயக்கர் தைல வர்ணத்தில் வரைவார், ஆனால் இளம் ரவி வர்மாவுக்குச் சொல்லிக்கொடுக்க மறுத்தார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதே ரவி வர்மா 1890இல் நிலவொளியில் ராதையை வரையும் அளவுக்கு அதைக் கைவசப்படுத்தினார்.

கண்டியில் இந்த இரண்டு நியாயங்களும் சந்தித்த இடம், வேடிக்கையாக, ஒரு பையன்கள் பாடசாலை. ஏரிக்கு அந்தப் பக்கத்துத் திரித்துவக் கல்லூரியில், ஒரு வயது வித்தியாசத்தில் இருவர் படித்தார்கள். டேவிட் பெயின்டர் 1900இல் இந்தியாவின் அல்மோராவில் பிறந்தவர். தகப்பனார் ஆங்கிலேய மிஷனரி, தாயார் இலங்கையர். லண்டன் ரோயல் அகாடமியில் பயின்று ஒளியும் நிழலும் கொண்டு உடலை வடிக்கும் ஐரோப்பிய முறையில் தேர்ந்து திரும்பினார். கல்லூரிச் சிற்றாலயச் சுவர்களில் 1928 முதல் அவர் வரைந்த படங்களை நம்மில் பலர் கரோல் ஆராதனைக்குப் போனபோது பார்த்திருக்கிறோம். விவிலியக் கதைகள், ஆனால் முகங்களும் மரஞ்செடிகளும் இந்த மண்ணுக்குரியவை. சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குத் தாடிகூடக் கிடையாது. அந்தச் சிற்றாலயக் கட்டிடமே கண்டி அரச சபா மண்டபத்தின் சாயலில், செதுக்கிய தூண்களோடு எழுந்தது.

மற்றவர் ஜோர்ஜ் கீற். 1901இல் கண்டியிலேயே பிறந்தவர். மல்வத்தை விகாரைப் பக்கம் பௌத்தமும் பழைய கலையும் அவரை இழுத்தன. இருபத்தைந்து வயதுக்குப் பிறகே முழுமூச்சாக வரையத் தொடங்கி, 1939–40இல் பொரளை கோதமி விகாரையில் சுவரோவியங்கள் செய்து, 1943இல் உருவான '43 குழுவின் முன்னணிப் பெயரானார். கண்டி நடனக்காரரையும் கிராமத்துப் பெண்களையும் தைல வர்ணத்தில்தான் வரைந்தார். ஆனால் பாருங்கள், அவரது முதிர்ந்த ஓவியங்களில் கோடுதான் ஆட்சி செய்கிறது. ஒரு பக்கத்திலிருந்து விழும் விளக்கு வெளிச்சத்துக்கு அங்கு வேலையில்லை. ஐரோப்பாவின் எண்ணெயை எடுத்துக்கொண்டு அதன் நிழலைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது. கீற் பெரியவரா, பெயின்டர் பெரியவரா என்ற வாதம் சித்திர ஆசிரியைகளிடையே என்றும் உண்டு. எங்கள் அபிப்பிராயத்தில் கீற்றின் வழி வலிமையானது. ஆனால் நெருப்பு வெளிச்ச இரவு ஒன்றை வரைய விரும்புபவர் பெயின்டரின் வழியில்தான் தொடங்க வேண்டியிருக்கும்.

ஏனென்றால் பெரஹரா இரவில் கண் காண்பது வேறொன்று. வைத்தியத் தொழிலில் இருக்கும் நாங்கள் இதைக் கண்ணிலிருந்தே தொடங்குவோம். விழித்திரையில் இருட்டுக்கு வேலை செய்யும் கோல் கலங்கள் முழுமையாகத் தயாராக 20 முதல் 30 நிமிடங்கள் எடுக்கும். அவற்றுக்கு நிறம் தெரியாது. பந்தத்துக்கு அருகே கூம்புக் கலங்கள் வேலை செய்வதால் அங்கு மட்டும் நிறம் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் சிவப்பு முதலில் கறுக்கும், நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பொஹீமிய அறிஞர் புர்கின்யே கவனித்துச் சொன்னார். பந்தத்தின் பக்கத்திலோ நிலைமை தலைகீழ். அங்கு விழுவது செம்மஞ்சள் வெளிச்சம் என்பதால் வெள்ளை வேட்டி தங்க நிறமாகும், சிவப்பு எரியும், நீலச் சால்வை கறுப்பாகும். ஆகவே ஒரே படத்துக்குள் இரண்டு உலகங்கள்: தீயருகே வெம்மை, அதற்கப்பால் சாம்பல் நீலக் குளிர். கைத்தொலைபேசிக் கமரா இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தூரிகை அப்படிச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று தூரம். பந்தத்திலிருந்து 1 மீற்றரில் நிற்பவருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் 3 மீற்றரில் நிற்பவருக்குக் கிடைக்கும். கணக்கின்படி பார்த்தால், அந்த ஊர்வலத்தில் மிகுந்த வெளிச்சம் படும் மனிதர் பந்தம் பிடிப்பவர்தான். நீண்ட தடியின் நுனியில் இரும்புக் கூடு, அதில் கொப்பரா எரியும். எண்ணெய் சொட்டும், பொறி பறக்கும். அவருடைய நெற்றி வியர்வையும் தோளும் தீயின் நேர்வெளிச்சத்தில் மின்னும். யானையோ அதன் பட்டு ஆடையின் ஒரு விளிம்பில் மட்டும் ஒளிபட்டு, மீதி இருளில் ஒரு மலைபோல நகரும். ஆனால் நாம் யாருமே அவரைப் பார்ப்பதில்லை. அவர் நமக்கு மற்றதைக் காட்டுகிறவர். கோயில் காணியை அனுபவிப்பவர் அதற்கு ஈடாக இத்தகைய சேவை செய்வது அரசர் காலத்து வழக்கம். ஆங்கிலேயர் 1870இல் சேவைக் காணிகள் பற்றிச் சட்டம் இயற்றியபோது இந்தக் கடமைகளும் ஏட்டில் ஏறின. தைல வர்ணத்தில் இந்த இரவை நேர்மையாக வரைய முனைபவருக்கு, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், படத்தின் நடுநாயகம் அவராகிவிடுவார். கோயில் சுவரோவியத்தில் எல்லோருக்கும் சம இடம், தைல வர்ணத்தில் விளக்குப் பிடிப்பவருக்கே முதலிடம். இரண்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

இப்போது தந்தப் பேழையைச் சுமக்கும் யானையின் ஆடையில் மின்குமிழ்கள் எரிகின்றன, தெருவிளக்குகளும் குறைவில்லை. பந்த வெளிச்சம் மட்டுமே பட்ட ஓர் யானையை நம் பிள்ளைகள் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

நெருப்பு இரவு நகரத்துக்கு மட்டும் உரியதன்று. ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்டைப் பக்கத்திலிருந்து வந்து படித்த தோழியருக்கு இது தெரியும். மாசி மாதத்துத் தோட்டத்து இரவுகள் காமன் கூத்துக்குரியவை. அமாவாசை கழிந்து காமன் கம்பம் நட்டபின், நிலவு வளர வளரக் கூத்தும் வளரும். தப்புச் சத்தம் லயத்துக்கு லயம் கேட்கும். ரதியாக வேடம் கட்டுவது ஓர் இளைஞன். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான், ரதி புலம்புவாள், அதைப் பார்த்து அழுவது சுற்றி நிற்கும் பெண்கள். தீப்பந்தம், முகத்தில் பூசிய அரிதாரம், பின்னால் தேயிலைச் சரிவு, மேலே மாசி நிலவு. எல்ஸ்ஹைமரின் செப்புத் தகட்டில் இருந்த நிலவு, பந்தம், தூரத்து நெருப்பு மூன்றும் இங்கே ஒரே திடலில் இருக்கின்றன. பெரஹராவும் வளர்பிறை இரவுகளில் நடந்து நிக்கினி பௌர்ணமியோடு முடிவதால் அங்கும் அப்படியே. ஆனால் பெரஹரா எத்தனையோ கடதாசிகளிலும் கன்வஸ்களிலும் ஏறிவிட்டது. காமன் திடலுக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. லயத்து வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முகத்தின் ஒரு பாதியில் மட்டும் பந்த வெளிச்சம் பட நிற்கும் பெண்ணை வரையும் வேலை மீதமிருக்கிறது.

இரவையும் நெருப்பையும் பற்றி எழுதும்போது வேறு சில இரவுகளைத் தவிர்க்க முடியாது. 1983 ஜூலை 26 அன்று கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. எங்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள், சிலர் பிறக்கவே இல்லை. ஆனால் எங்கள் மூத்த அக்காமாரில் எத்தனையோ பேர் அந்த வருடத்தோடு ஊரை விட்டுப் போனார்கள். இந்த மலரை லண்டனிலும் டொரன்டோவிலும் சிட்னியிலும் சென்னையிலும் இருந்து வாசிப்பவர்களில் அவர்களும் உண்டு. தேயிலைச் செடிகளுக்கிடையில் பதுங்கி, தூரத்துச் சிவந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கதைகள் நம் வீடுகளில் இன்னும் தாழ்ந்த குரலில்தான் சொல்லப்படுகின்றன. 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் அதே விதமான இரவுகள் நம் முஸ்லிம் தோழியருக்கு வந்தன. எங்கள் வகுப்பில் ஒருத்தி இன்றுவரை பெரஹராவுக்குப் போனதில்லை. பந்தம் எரியும் வாசனை அவள் தாயாருக்கு ஆகாது, அதனால் சிறுவயதிலிருந்தே வீட்டில் யாரும் போகவில்லை. இரண்டு தெரு தள்ளி வசித்த இன்னொருத்தி பத்து இரவும் பாயும் தண்ணீர்ப் போத்தலுமாக நடைபாதையில் இடம்பிடித்து உட்கார்ந்திருப்பாள்.

எல்ஸ்ஹைமரும் ரெம்பிராண்டும் எடுத்துக்கொண்ட கதையை இந்த இடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அதுவும் ஓடிய குடும்பத்தின் கதைதான். பின்னால் துரத்தும் வாள் படத்தில் இல்லை. இருப்பது குளிர்காய மூட்டிய தீ, அதனருகே ஒரு தாயும் குழந்தையும், மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கும் அந்நியர் சிலர். ஊரை எரிக்கும் நெருப்பும் உயிரைக் காக்கும் நெருப்பும் தூரிகைக்கு ஒரே மஞ்சள், ஒரே சிவப்பு. சுற்றியுள்ள முகங்களை எப்படி வரைகிறோம் என்பதில்தான் எது எதுவென்று தெரியும். மூத்த அக்காமாரில் யாராவது தங்கள் இரவை வரைவார்களானால், எரிந்த தெருவை வரைவதா, கதவைத் திறந்து உள்ளே எடுத்த அயலவரின் சமையலறை அடுப்பை வரைவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். இரண்டையும் பார்க்க நாங்கள் காத்திருக்கிறோம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு, சித்திர அறையில் கற்றதையும் பின்னர் படித்ததையும் சேர்த்துச் சில சொற்கள். இரவில் இடத்திலேயே தைல வர்ணம் போட முயலவேண்டாம், கையிலிருக்கும் நிறம் எதுவென்றே தெரியாது. ஒரு கறுப்புக் கடதாசியும் வெள்ளை, செம்மஞ்சள், நீலச் சாம்பல் என்று மூன்று பேஸ்டல் குச்சிகளும் போதும். திடலுக்கோ தெருவுக்கோ அரைமணி முன்பே போய் இருங்கள், தொலைபேசியைப் பார்க்காதீர்கள், கண் பழகட்டும். தீயை வெறும் வெள்ளையாக வரையாதீர்கள். நடுவில் வெளிர்மஞ்சள், விளிம்பில் சிவப்பு. தீக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்பவர் கறுப்பாகத் தெரிவார், ஓரத்தில் ஒரு பொன்கோடு மட்டும். தீக்கு அப்பால் நிற்பவரின் முகம் முழுவதும் தெரியும். நிலத்தில் எரியும் தீ என்றால் வெளிச்சம் தாடையின் கீழிருந்து வரும், உயர்த்திய பந்தம் என்றால் நெற்றியிலும் தோளிலும். வானத்தை முழுக்கறுப்பாக்க வேண்டாம், ஹந்தானை மலை எப்போதும் வானத்தைவிட ஒரு படி கறுப்பு. வீட்டுக்கு வந்து மறுநாள் பகலில் கன்வஸை அம்பரால் மூடி, இரண்டு நாள் காயவிட்டுப் பிறகு தொடங்குங்கள். முதலில் பந்தத்தை அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையை.